கோஷியென் மைதானத்துக்கு முதல்முறை போகிறேன், எங்கே உட்காருவது?

பரமக்குடியான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அலுவலக வேலையாக மூன்று மாதம் ஒசாகாவில் இருக்கிறேன். எனக்கு அடுத்த மேசைக்காரர் ஹன்ஷின் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் வெறியர். திங்கட்கிழமை காலையில் அவர் வணக்கம் சொல்லும் குரலை வைத்தே ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்ன ஆனது என்று கண்டுபிடித்துவிடுகிறேன். ஒரு மனிதரை இவ்வளவு பாடுபடுத்தும் அணியை அதன் சொந்த மைதானத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஜூன் மாதம், வார நாள், மாலை ஆட்டம். அவர் குடும்பத்தோடு வேறொரு நாள் போகிறாராம். ஆகவே நான் தனியாள்.

பேஸ்பால் பற்றி எனக்குத் தெரிந்தது பூஜ்யம்; கிரிக்கெட் தெரியும். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது? எந்த ரயில்? மழை வந்தால் என்ன செய்வார்கள்? முட்டைகூடச் சாப்பிடாத ஒருவன் அங்கே எதைத் தின்பது? பழக்கமானவர்கள் சொல்லுங்கள்.

நிஷிநோமியாவாசி எழுதியது:

தம்பி, பதினோரு வருடமாக அந்த மைதானத்துக்கு நடக்கிற தூரத்தில் குடியிருக்கிறேன். ஜன்னல் திறந்திருந்தால் போதும், ஹோம்ரன் (நம் சிக்ஸர் மாதிரி) விழுந்தது தொலைக்காட்சிக்கு முன்பே என் காதுக்கு வந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்கிறேன். கோஷியென் ஒசாகாவில் இல்லை. ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவே, ஹியோகோ மாகாணத்து நிஷிநோமியா நகரில் இருக்கிறது. ஒசாகாக்காரர்கள் தங்கள் வீட்டுக் கொல்லை மாதிரி பேசுவார்கள். நாங்கள் திருத்துவதை விட்டுவிட்டோம்.

ஒசாகாவின் உமேதாவில் ஹன்ஷின் ரயில் நிறுவனத்துக்குத் தனி நிலையம் உண்டு. கோபே போகும் விரைவு வண்டியில் ஏறினால் கால் மணி நேரம்கூட ஆகாது. நம்பா பக்கம் தங்கியிருந்தால் உமேதாவரை வரவே வேண்டாம். அங்கிருந்தே ஹன்ஷின் பாதை இருக்கிறது. ஜேஆர் என்கிற வேறு நிறுவனத்து வண்டியில் மட்டும் ஏறிவிடாதீர்கள். அந்தத் தடத்தில் கோஷியெங்குச்சி என்று ஒரு நிலையம் வரும். 'கோஷியென் வாசல்' என்று பொருள். பெயரை நம்பி அங்கே இறங்கியவர்கள் அரை மணி நேரம் நடந்து, சட்டை நனைந்து வருவதை வாராவாரம் பார்க்கிறேன். ஹன்ஷின் நிலையத்தில் இறங்கினால், உயரச் செல்லும் விரைவுச் சாலைக்கு அடியில் நுழைந்து வெளியே வரவேண்டியதுதான், கொடி படர்ந்த சுவர் எதிரில் நிற்கும். திரும்பிவரும் கட்டணத்தையும் போகும்போதே ரயில் அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் நாற்பதாயிரம் பேர் அந்த நிலையத்துக்குத்தான் வருவார்கள்.

இருக்கைக்குத் திசை முக்கியம். பேட்டர் நிற்பது வடக்கே, நடுக்களம் தெற்கே, கடலும் தெற்கே. பேட்டர் ஓடித் தொடவேண்டிய இடங்களுக்கு பேஸ் என்று பெயர்; அவர் களத்தைப் பார்த்து நின்றால் முதல் பேஸ் வலப்பக்கம், மூன்றாம் பேஸ் இடப்பக்கம். ஆகவே முதல் பேஸ் பக்கம் மேற்கு, மூன்றாம் பேஸ் பக்கம் கிழக்கு. மாலை ஆட்டத்துக்கு மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முதல் பேஸ் பக்கம் வாங்குங்கள். டைகர்ஸ் வீரர்கள் அமர்வதும் அந்தப் பக்கம்தான். உள்களத்தைச் சுற்றியுள்ள இருக்கைகளுக்கு மேலே 'வெள்ளிக் குடை' என்கிற கூரை இருக்கிறது. ஜூன் மாதம் இங்கே மழைக்காலம் என்பதால் அதன் நிழலைவிட்டு வெளியே போகாதீர்கள். கூரை தாண்டியதும் செங்குத்தாக ஏறுவது ஆல்ப்ஸ் இருக்கைகள். 1929இல் அவற்றைக் கட்டியபோது ஒகாமோட்டோ இப்பே என்ற கேலிச்சித்திரக்காரர் அந்த உயரத்தைப் பார்த்து ஆல்ப்ஸ் என்று எழுதப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது.

வலது வெளிக்களம் டைகர்ஸ் கோட்டை. அங்கே டிக்கெட் வாங்கியவன் உட்காருவான் என்று சொல்ல முடியாது, நிற்பான். டிரம்பெட், முரசு, ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு, கையில் ஒன்றோடொன்று தட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் மட்டைகள். முதல்முறைக்கு அது வேண்டாம் என்பேன். ஆனால் நான் எப்போதும் அங்கேதான்.

குடை எடுத்துப்போகாதீர்கள், இருக்கைகளில் விரிக்கத் தடை. மழைச்சட்டை போதும். கேன், கண்ணாடிப் பாட்டில் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் காகிதக் குவளையில் ஊற்றித் தருவார்கள். ஆட்டம் முழுக்கக் கைவிடப்பட்டால் டிக்கெட் பணம் திரும்பும். இன்னொன்று: ஆரஞ்சு நிறத்தில் எதையும் அணிய வேண்டாம். அது டோக்கியோ ஜயண்ட்ஸ் அணியின் நிறம்.

டோக்கியோத் தமிழன் எழுதியது:

அண்ணா என் வயிற்றெரிச்சலைக் கிளப்புவதற்கென்றே அந்தக் கடைசி வரியை எழுதியிருக்கிறார். ஆமாம், நான் ஜயண்ட்ஸ் ரசிகன். எங்கள் மைதானத்துக்கு 1988 முதல் முழுக் கூரை இருக்கிறது, மழைச்சட்டை ஆலோசனை யாருக்கும் தேவைப்படுவதில்லை.

பரமக்குடியாருக்கு முழு வரலாறும் தெரியவேண்டும். 1985இல் டைகர்ஸ் லீக் பட்டம் வென்றதும் ரசிகர்கள் ஒசாகாவின் டோட்டோன்போரி கால்வாய்ப் பாலத்தில் கூடினார்கள். ஒவ்வொரு வீரரின் பெயரையும் கூவ, அந்த வீரரின் சாயலில் இருக்கும் ரசிகர் ஒருவர் தண்ணீரில் குதிப்பார். ரேண்டி பாஸ் என்ற தாடிவைத்த அமெரிக்கர் பெயர் வந்தபோது கூட்டத்தில் அந்தச் சாயலில் யாரும் இல்லை. பக்கத்துப் பொரித்த கோழிக் கடை வாசலில் நின்ற கர்னல் சாண்டர்ஸ் சிலைக்குத் தாடி இருந்தது. தூக்கி எறிந்தார்கள். அந்த வருடம், இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் ஜப்பான் தொடரையும் வென்றார்கள், அதோடு சரி. கர்னலின் சாபம் என்று ஊரே பேசியது. 2009இல் சேற்றிலிருந்து சிலையை எடுத்த பிறகும் பலிக்கவில்லை. மறுபடி ஜப்பான் தொடரை வெல்ல 2023 வரை ஆனது. 38 வருடம்!

நிஷிநோமியாவாசி எழுதியது:

எண்ணிக்கை சரிதான், மறுக்கவில்லை. 2023இல் பயிற்சியாளர் ஒகாதா 'பட்டம்' என்ற சொல்லை வாயிலேயே எடுக்கவில்லை, தெரியுமா? வீரர்கள் பதறக்கூடாதென்று வருடம் முழுக்க 'அது' என்றுதான் சொன்னார். 'அது' கிடைக்குமா, 'அது' பக்கத்தில் வந்துவிட்டதா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. பெண்பார்த்துவிட்டு வந்த வீட்டில் காரியம் கைகூடும்வரை வெளியே மூச்சுவிடாமல் இருப்பார்களே, அந்தக் கதைதான். கடைசியில் அந்த ஆண்டின் சிறந்த சொல்லாக ஜப்பான் முழுக்க 'அது'தான் தேர்வானது.

பாஸ் பற்றிச் சொன்னீர்கள், அதில் மைதானக் கதை ஒன்று இருக்கிறது. கடற்காற்று இங்கே வலது களத்திலிருந்து இடது களத்துக்கு அடிக்கும். இடதுகை பேட்டர் வலப்பக்கம் தூக்கி அடிக்கும் பந்தை அந்தக் காற்று திருப்பித் தள்ளிவிடும். பாஸ் இடதுகைக்காரர். காற்றோடு சண்டை போடாமல் இடப்பக்கமாக அடிக்கப் பழகினார். 1985இல் 54 ஹோம்ரன். மைதானம் பெரியது என்பதால் 1947இல் வெளிக்களத்தில் வேலியை முன்னே நகர்த்தி 'அதிர்ஷ்டப் பகுதி' என்று ஒன்று வைத்தார்கள், 1991 வரை இருந்தது. இப்போது அது இல்லை. ஓரங்களில் 95 மீட்டர், நடுவில் 118 மீட்டர். பரமக்குடியார் உள்ளே நுழைந்ததும் கொடிக்கம்பத்தைப் பாருங்கள், காற்று எந்தப் பக்கம் என்று தெரியும். ஆட்டத்தில் பாதி அதிலேயே புரிந்துவிடும்.

கோபே மீனா எழுதியது:

இரண்டு பேரும் டைகர்ஸ், ஜயண்ட்ஸ் என்று மல்லுக்கட்டுகிறீர்கள். இரண்டு அணிக்கும் பாட்டு இசையமைத்தவர் கொசெக்கி யூஜி என்ற ஒரே மனிதர்தான், அது தெரியுமா? பள்ளிப் பேஸ்பால் போட்டியின் பாட்டும் அவருடையதே. அந்த மூன்றாவது பாட்டைப் பற்றி இங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கோஷியென் திறந்தது 1924 ஆகஸ்ட் 1. டைகர்ஸ் அணி தோன்றியது 1935 டிசம்பரில். பள்ளிப் பிள்ளைகளின் போட்டிக்கு இடம் போதவில்லை என்று ஹன்ஷின் ரயில் நிறுவனம் ஒரு ஆற்றுக்கிளையின் பழைய படுகையில் ஐந்து மாதத்துக்குள் கட்டி முடித்த மைதானம் இது. பிறகு குடிவந்தவர்கள்தான் டைகர்ஸ். இன்றைக்கும் ஆகஸ்ட் மாதம் பிள்ளைகள் வந்தால் டைகர்ஸ் மூட்டைகட்டிக்கொண்டு வெளியூர் போகவேண்டும். வாடகைக்காரர் வீட்டுக்காரர் போலப் பேசினால் எப்படி?

நாடு முழுவதிலிருந்தும் 49 பள்ளிகள். ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் சைரன் ஒலிக்கும். சின்ன வயதில் மதுரையில் கேட்ட மில் சங்கின் ஞாபகம் எனக்கு ஒவ்வொரு முறையும் வரும். ஆகஸ்ட் 15 நண்பகலில் ஆட்டத்தை நிறுத்தி, சைரன் ஒலிக்க, போரில் இறந்தவர்களுக்காக எல்லாரும் எழுந்து நிற்பார்கள். தோற்ற பிள்ளைகள் மண்டியிட்டு மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொள்வார்கள். 1958இல் ஒகினாவாவிலிருந்து ஷுரி பள்ளி முதன்முதலாக வந்தது. ஒகினாவா அப்போது அமெரிக்க ஆட்சியில் இருந்தது. தோற்று, மண்ணை எடுத்துக்கொண்டு கப்பலில் ஊர் திரும்பிய பிள்ளைகளிடம் 'அயல்நாட்டு மண்' என்று துறைமுகத்தில் வாங்கிக் கொட்டிவிட்டார்கள். செய்தி கேட்டு மனம் பொறுக்காத ஜப்பான் விமான நிறுவனப் பணியாளர்கள் கோஷியெனிலிருந்து கூழாங்கற்களைப் பொறுக்கி அனுப்பினார்கள். கல்லுக்குத் தடை இல்லையே! அந்தக் கற்கள் பதித்த நினைவுச் சின்னம் அந்தப் பள்ளியில் இருக்கிறது.

2021இல் பெண்கள் பள்ளிப் போட்டியின் இறுதி ஆட்டமும் முதல்முறையாக அங்கே நடந்தது. என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறவள். அவள் அன்றைக்குத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பரமக்குடித் தம்பி, மாலை ஆட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுக் கோஷியெனைப் பார்த்தேன் என்று ஊரில் சொல்லாதீர்கள்.

நிஷிநோமியாவாசி எழுதியது:

மீனா அக்கா, வாடகைக்காரர் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. மைதானமும் ஹன்ஷின் உடையது, அணியும் ஹன்ஷின் உடையது. வீட்டுக்காரரின் சொந்தப் பிள்ளை டைகர்ஸ். வருடத்தில் அறுபது நாளுக்குக் குறையாமல் அந்த இருக்கைகளை நிரப்புவது யார்? பதினோரு வருடத்தில் பள்ளிப் போட்டிக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. ஆகஸ்ட் வெயிலில் மற்றவர் பிள்ளைகள் அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

பஞ்சாங்கம் எழுதியது:

விவாதத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று. கோஷியென் என்பதில் 'கோ', 'ஷி' இரண்டும் ஆண்டின் பெயர், 'என்' என்றால் தோட்டம். சீன, ஜப்பானிய அறுபது ஆண்டுச் சுழற்சியில் பத்துத் தண்டுகளில் முதலாவதும் பன்னிரண்டு கிளைகளில் முதலாவதான எலியும் சேரும் ஆண்டு அது, அறுபதில் ஒன்றாம் ஆண்டு. 1924 அப்படி அமைந்ததால் நல்ல சகுனமென்று மைதானத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். நம் அறுபதில் அந்த ஆண்டு ரக்தாட்சி. நமக்கு முதலாவதான பிரபவ மூன்று வருடம் கழித்து 1927இல்தான் பிறந்தது. இரண்டும் அறுபதுதான், ஆனால் தொடங்கும் இடம் வேறு. நம் வழியில் பெயர் வைத்திருந்தால் 'ரக்தாட்சித் தோட்டம்' ஆகியிருக்கும். சிவந்த கண் என்று பொருள். தோற்ற அணியின் ரசிகர்களுக்குப் பொருத்தம்தான்.

டோக்கியோத் தமிழன் எழுதியது:

சிரித்துவிட்டேன் ஐயா. அண்ணா, அந்தப் பெயரை இனி நான் பயன்படுத்திக்கொள்கிறேன்.

பரமக்குடியான் எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. முதல் பேஸ் பக்கம், கூரைக்குக் கீழே டிக்கெட் வாங்கிவிட்டேன். சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? பந்து இருக்கைக்குள் வந்து விழுந்தால் என்ன செய்யவேண்டும்?

கோபே மீனா எழுதியது:

கோஷியென் கறி என்று பெயர்பெற்ற சோறு ஒன்று உண்டு, மைதானம் திறந்த காலத்திலிருந்தே விற்கிறார்கள். இறைச்சி சேர்ந்தது, உங்களுக்கு ஆகாது. பெரிய கோழிக் குச்சியும் ஆகாது. உப்புப் போட்டு அவித்த பச்சை சோயா அவரை கிடைக்கும், நம் ஊர் வேர்க்கடலை தின்பதுபோல உரித்துத் தின்றுகொண்டே இருக்கலாம். உருளைக்கிழங்கு வறுவல் உண்டு. நான் எப்போதும் புளியோதரை கட்டிக்கொண்டு போவேன், யாரும் தடுத்ததில்லை. பீர் பீப்பாயை முதுகில் சுமந்துகொண்டு படியேறி இறங்கும் பெண்களைப் பார்ப்பீர்கள். குடிக்காவிட்டாலும் அந்த உழைப்பைப் பாருங்கள், பத்துப் பதினைந்து கிலோ இருக்கும், முகத்தில் மட்டும் சிரிப்பு மாறாது.

பந்து வந்தால் ஊழியர் விசில் ஊதுவார். விசில் கேட்டால் தட்டை மடியில் வைத்துவிட்டுத் தலையைத் தூக்குங்கள். கிரிக்கெட் பந்து அளவுக்குக் கடினம்.

பரமக்குடியான் எழுதியது:

போய்வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு வேண்டாம் என்று நிஷிநோமியா அண்ணன் சொன்னதை மறக்கவில்லை. நீலச் சட்டைதான் போட்டுப்போனேன். மூன்றாவது இன்னிங்ஸில் மழை வந்தது. காற்றடித்து, கூரைக்குக் கீழேயும் முன்வரிசைகளுக்குச் சாரல் வந்தது. ஊரிலிருந்து அம்மா வைத்து அனுப்பிய மழைச்சட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தேன். பளிச்சென்ற ஆரஞ்சு! வாங்கியதிலிருந்து நான் அதை விரித்தே பார்த்ததில்லை. பக்கத்து இருக்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர். என்னைப் பார்த்தார், மழைச்சட்டையைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் தன் கழுத்திலிருந்த மஞ்சள் துண்டை எடுத்து என் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டார். பின்வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். திருவிழாவில் பரிவட்டம் கட்டிவிட்டதுபோல அதைப் போட்டுக்கொண்டே கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

மழை நின்றதும் நடந்ததைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். பத்துப் பதினைந்து பேர் வந்து பந்து வீசுபவர் நிற்கும் பிட்சர் மேட்டை மூடியிருந்த விரிப்பைச் சுருட்டினார்கள். ஈரம் தேங்கிய இடங்களில் மண்ணைத் தூவி இழுத்தார்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை நான். சேறு எப்போது மண்ணாகும் என்று எனக்குத் தெரியும், அந்த நேரத்துக்குள் ஆகாது என்று நினைத்தேன். ஆகிவிட்டது. உள்களம் முழுக்கக் கறுப்பு மண், புல்லே இல்லை, பார்த்தவுடன் எங்கள் கரிசல் காடு ஞாபகம் வந்தது. கூட்டம் அவர்களுக்குக் கைதட்டியது, வீரர்களுக்குத் தட்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

ஆட்டம் எனக்குப் பாதிதான் புரிந்தது. டைகர்ஸ் தோற்றது. பெரியவர் துண்டைத் திரும்ப வாங்கவில்லை. ஸ்கோர் பலகை எழுத்து அச்சு மாதிரி இல்லாமல் தூரிகையால் எழுதியதுபோல இருந்தது, நிஜமா?

நிஷிநோமியாவாசி எழுதியது:

நல்ல கண் தம்பி உங்களுக்கு. 1983 வரை கறுப்புப் பலகையில் வெள்ளையால் கையால்தான் எழுதினார்கள். 1984இல் மின்பலகை வந்தபோதும் அந்தக் கையெழுத்துச் சாயலை விடவில்லை.

நீங்கள் பார்த்தவர்கள் ஹன்ஷின் எங்கேய் என்ற பராமரிப்பு நிறுவனத்தார். அவர்களுக்கென்றே ரசிகர்கள் உண்டு. கறுப்பு மண்ணும் மணலும் கலந்த களம் அது. வசந்தத்தில் மழை அதிகம் என்று மணலைக் கூட்டுவார்கள். கோடையில் வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று கறுப்பு மண்ணைக் கூட்டுவார்கள். சுவரில் நீங்கள் பார்த்த கொடிக்கும் கதை இருக்கிறது. 2000இல் அதன் விதையில் முளைத்த கன்றுகளை நாடெங்கும் உள்ள பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். பிற்பாடு மைதானத்தைப் புதுப்பிக்கக் கொடியை வெட்டவேண்டி வந்தது. பள்ளிகளில் நன்றாக வளர்ந்திருந்தவற்றிலிருந்து சிலவற்றைத் திரும்பக் கொண்டுவந்து நட்டார்கள்.

கோபே மீனா எழுதியது:

பள்ளிகளில் வளர்ந்த கொடி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நிஷிநோமியாவாசி எழுதியது:

எழுதி முடித்த பிறகுதான் நானே கவனித்தேன் அக்கா. விட்டுவிடுங்கள்.

பரமக்குடியான் எழுதியது:

எனக்கு ஊருக்கு விமானம் ஆகஸ்ட் 12. பள்ளிப் போட்டி அதற்குள் தொடங்கிவிடும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். 9ஆம் தேதி காலை முதல் ஆட்டத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். வெளிக்களம் இலவசம் என்று எங்கோ படித்தேன், சரியா?

கோபே மீனா எழுதியது:

பழைய செய்தி தம்பி. 2018 கோடையிலிருந்து அங்கேயும் டிக்கெட். வெளிக்களத்தில் நிழல் கிடையாது, வேண்டாம். வெயிலுக்குப் பயந்து 2024 முதல் சில நாட்களின் ஆட்டங்களைக் காலை, மாலை என்று பிரித்து வைக்கிறார்கள், அட்டவணையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பையில் உடைத்த ஐஸ் விற்பார்கள். முதலில் நெற்றியில் வைத்துக்கொள்ளவும், உருகிய பிறகு உறிஞ்சிக் குடிக்கவும் அது. நானும் மகளும் வருகிறோம்.

நிஷிநோமியாவாசி எழுதியது:

காலை ஆட்டத்துக்கு மூன்றாம் பேஸ் பக்கம் வாங்குங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், வெள்ளிக் குடைக்குக் கீழே பத்து மணிவரை பிரச்சினை இல்லை. நான்கு டிக்கெட்டாக எடுத்துவிடுங்கள் தம்பி, என் பங்கை அங்கே வந்து தருகிறேன். மீனா அக்கா, புளியோதரை கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

டோக்கியோத் தமிழன் எழுதியது:

பதினோரு வருடம்!

நிஷிநோமியாவாசி எழுதியது:

நீங்கள் வேலையைப் பாருங்கள்.